ஆறரைக் கிலோமீட்டர்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு விமானத்தில் இரண்டு நிமிடம். இதை எனக்குச் சொன்ன கார் டிரைவர் விமானத்தில் ஏறியதே இல்லை. இரண்டு ஊரிலும் விமான நிலையம் கிடையாது. பெரம்பலூரில் ரயில் நிலையமும் கிடையாது. ஆனாலும் அவருடைய கைபேசியில் ஒரு பக்கம் இருந்தது. எந்த இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தாலும் சாலைத் தூரம் இவ்வளவு, பறக்கும் தூரம் இவ்வளவு, பறக்கும் நேரம் இவ்வளவு என்று கூசாமல் சொல்லும் பக்கம். காலையில் நாங்கள் ஏறிக் கதவைச் சாத்தியதும் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக் கேட்பார்.

"ரோட்டுல முப்பது. ஆகாசத்துல இருபத்தி மூணரை. அப்ப ஆறரைக் கிலோமீட்டர் எங்க சார் போச்சு?"

முதல் வாரம் சிரித்தோம்.

நாங்கள் என்றால் நானும் ஒரு கணக்கு டீச்சரும். இருவருக்கும் வீடு பெரம்பலூரில், வேலை அரியலூரில். எனக்குக் கோப்புகள், அவருக்குக் கரும்பலகை. பஸ்ஸில் நின்று நின்று முழங்கால் விட்டுப்போய், இந்த டிரைவரின் வெள்ளைக் காரை இருவருமாகப் பேசி வைத்துக்கொண்டோம்.

"யாரும் தூக்கிக்கிட்டுப் போவலண்ணே. ரோடு வளைஞ்சு போவுது, அவ்வளவுதான்" என்றார் டீச்சர். "நேர்கோடெல்லாம் நோட்டுல போடுறதுக்கு."

"நோட்டுல போட முடியுதில்ல டீச்சர்? அப்ப ஓட்டவும் முடியும்."

குரல் உயராது டிரைவருக்கு. ஹாரன் அடித்து நான் கேட்டதில்லை. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் போல இருப்பார். நகக்கண்ணில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத சுண்ணாம்பு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கும், யாரோ அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது போல.

சாலையின் ஒவ்வொரு வளைவுக்கும் அவரிடம் ஒரு குற்றவாளி இருந்தார். ஒரு திருப்பத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே, "இது ஒரு கெணறு சார். ரோடு போட வந்தப்ப, என் கெணத்தை மூடக்கூடாதுன்னு ஒரு ஆளு குறுக்க படுத்துக்கிட்டான். அவன் செத்து, கெணறும் தூந்து போச்சு. நாம இன்னும் சுத்திக்கிட்டு இருக்கோம்" என்பார். அடுத்தது ஏரி. அதற்கடுத்தது ஒரு வேலமரத்தடிச் சாமி. இப்படியே வந்து, அரியலூருக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. அங்கே மட்டும் வாய் மூடிக்கொள்ளும். இரு பக்கமும் வெறும் கரம்பு நிலம். ஒருநாள் நானே கேட்டேன், இது எதற்காக என்று.

"அதான் தெரியல" என்றார். "விசாரிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல. சும்மா வளைஞ்சிருக்கு."

அந்தச் 'சும்மா'வை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கடன்காரனைப் பற்றிப் பேசுகிறவன்கூட அப்படிக் கடித்து நான் பார்த்ததில்லை.

பிறகுதான் அவர் எடுக்க ஆரம்பித்தார். 'எடுக்கிறேன்' என்பது அவருடைய சொல். ஏரிக்கரையில் வண்டித்தடம் ஒன்றைப் பிடித்து இறங்கி ஏறினால் முக்கால் கிலோமீட்டர் மிச்சம். கருவேலங்காட்டுக்குள் புகுந்து வெளிவந்தால் அரை. அரியலூரில் என்னை இறக்கிவிடும்போது, மழை அளவு சொல்கிற மாதிரி சொல்வார்: "இன்னிக்கி ஒண்ணேகால் எடுத்துட்டேன் சார். மீதி அஞ்சேகால்." நேரத்தைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. ஏரிக்கரைப் பள்ளத்தில் உருண்டு சில நாள் தாமதமாகவே வந்து சேர்ந்தோம். அதைச் சொன்னால், "நேரம் வேற சார், தூரம் வேற" என்பார்.

எனக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இருபத்தைந்து வருடம் ஒரே மேஜை, ஒரே மின்விசிறி, ஒரே மாதிரிக் கையெழுத்து. என் உடம்புக்குள் எதுவோ இருப்புக் கொள்ளாமல் புரண்டுகொண்டே இருக்கும் வயது. தினமும் போகிற வழியை ஒருவர் கோபத்தோடு பார்க்கிறார் என்பதே எனக்கு ஒரு கிளர்ச்சி. கருவேல முள் கண்ணாடியைக் கீறும் சத்தத்தில் என் முதுகு நிமிரும். டீச்சர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

டீச்சர் காரை விட்டு நின்றது ஒரு பருத்திக்காட்டோடு. வெடித்துக் கிடந்த பருத்தி. ஓரத்தில் ஒற்றை ஆள் நடக்கும் வரப்பு. அதன்மேல் ஒரு சக்கரமும் செடிமேல் ஒரு சக்கரமுமாக வண்டி போனது. நடுவில் மடியில் பஞ்சோடு ஒரு அம்மா நிமிர்ந்தார்.

"ஏன்யா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? இது ரோடா, என் கொல்லையா?"

டிரைவர் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கும்பிட்டார். "கொல்லைதாங்கம்மா. ஆனா இதுக்கு நேரா மேல கோடு போவுது."

"என்னா கோடு?"

"ஆகாசத்துலங்க."

அந்த அம்மா அண்ணாந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "ஏம்மா, படிச்ச புள்ளையாட்டம் இருக்க, இந்தாளு வண்டியில ஏன் ஏறுன? எறங்கி நடம்மா" என்றார் டீச்சரிடம். டீச்சர் இறங்கவில்லை. ஆனால் அன்று மாலை அரியலூர் பேருந்து நிலையத்தில் என்னைத் தனியே நிறுத்திச் சொன்னார்: "நாளையிலேருந்து நான் பஸ்ஸுண்ணே. நீங்களும் வந்துடுங்க. அவருக்குக் கோடுதான் தெரியுது. கோட்டுல நிக்கிற ஆளு தெரியல."

நான் சிரித்து மழுப்பினேன். மறுநாளும் அந்தக் காரிலேயே போனேன், தனியாக, முன் இருக்கையில்.

கெட்டவர் இல்லை அவர். ஒரு நண்பகல் பெரம்பலூருக்கு ஆள் ஏற்றப் போகும்போது, சோளக்காட்டில் பாம்பு கடித்த ஒருவரை வண்டியில் போட்டுக்கொண்டு, வற்றிய ஏரியின் நடுவே பாய்ந்து அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து டீக்கடையில் இதைப் பெருமையாகச் சொன்னார்கள். கடிபட்டவரின் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் அவர் காலில் விழுந்திருக்கிறார். "அந்தப் பொம்பள காலைப் புடிச்சிக்கிட்டு அழுவுது, இவரு குனிஞ்சு வண்டி மீட்டரைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு சார்" என்று டீக்கடைக்காரர் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மாலையில் அவரிடம் கேட்டேன், அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று.

"எந்த ஆளு சார்?" என்றார். ஒரு கணம் யோசித்து, "ஆங், நல்லாருக்காரு. ஏரி வழியா மூணு எடுத்துட்டேன். மீதி மூணரைதான்."

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. அவராகவே ஒருமுறை சொன்னார். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளங்கள் உண்டு. ஊர்க்காரர்கள் மைன்ஸ் என்பார்கள். அவற்றில் ஒன்றில் பதினோரு வருடம் கல் ஏற்றும் டிப்பர் ஓட்டியிருக்கிறார். பள்ளத்தின் சுவரை ஒட்டிச் சரிவுப்பாதை வளைந்து வளைந்து கீழே போகும். கல்லை வாரிக்கொண்டு இன்னொரு சரிவில் அதே பக்கமாக வளைந்து மேலே வரவேண்டும். எப்போதும் இடப்பக்கமே திரும்பும் பாதை.

"சுத்தி எறங்கணும், சுத்தி ஏறணும். மேல வந்து பாத்தா பொறப்பட்ட எடத்துலயே நிப்போம் சார். பதினோரு வருசம் வண்டி ஓட்டி, நான் ஒரு ஊருக்கும் போய்ச் சேரல."

அதைச் சொன்ன நாளில் வெயில் வெள்ளையாக இருந்தது. சாலையோரப் புளியமரங்களின் இலைகூட அங்கே வெள்ளைதான், தூசு. தொலைவில் வெடி வைப்பதற்கு முன் ஊதும் சங்கு நீளமாக ஊதியது. அவர் பேச்சை நிறுத்தி அது முடியும்வரை கேட்டார். பிறகு நிலம் ஒருமுறை அதிர்ந்தது. இருக்கைக்கு அடியில் உணர்ந்தேன்.

"மீதி இருக்கிற மூணரை அதுக்குள்ளதான் கெடக்கு" என்றார்.

என் மகளுக்கு அரியலூரில் ஒரு கல்லூரியில் தேர்வு மையம் போட்டிருந்தார்கள். அரசுத் தேர்வு. இரண்டு முறை எழுதி, மிகச் சொற்ப மதிப்பெண்ணில் விட்டிருந்தாள். அடுத்த முறைக்கு வயது தாண்டிவிடும், ஆக இதுதான் கடைசி. மையத்தின் கேட்டை ஒன்பது மணிக்குச் சாத்துவார்கள். சாத்தினால் சாத்தியதுதான். போன தடவை ஒரு நிமிடம் பிந்தி வந்த ஒரு பெண் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுததை அவள் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறாள். வீட்டில் இதையே பேசிக்கொண்டிருந்தோம்.

வண்டி சொல்லிவைக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை, மனைவி இருந்தார். வீடு விசித்திரமாக இருந்தது. வாசலில் நின்றால் கூடம், சமையலறை, கொல்லைப்புறம் எல்லாம் ஒரே குழாய் போல நேராகத் தெரிந்தன. சுவர்களில் ஆள் நுழையும் அளவுக்கு இடித்த ஓட்டைகள். செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சார் அப்புடிப் பாக்குறீங்க? வூட்டுக்குள்ளயும் சுத்த மாட்டாராம்" என்றார் அந்த அம்மா. முகம் சிரித்தது, கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. "வெள்ளிக்கெழம சிறுவாச்சூருக்குக் கூட்டிட்டுப் போனேன், காளியாத்தா என்னாச்சும் செய்வான்னு. கோயிலச் சுத்தி வாங்கன்னா, சுத்த மாட்டேங்கிறாரு. நேரா போனாரு, கும்புட்டாரு, நேரா வந்து வண்டியில ஒக்காந்துக்கிட்டாரு. பூசாரி என்னையப் பாக்குறாரு. நான் என்னாத்தச் சொல்ல?" கொஞ்சம் பொறுத்து, குரலை இறக்கி, "பொண்ணு பரிச்சைக்கா சார்? வேற வண்டி கெடைக்கலீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் காதில் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு, காலை ஏழேகாலுக்கு வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவசரமென்று வந்தால் அவர்தான் என்று நினைத்தேன்; மனதில் அந்தப் பாம்புக்கடி ஆள் இருந்தார்.

தேர்வன்று ஏழேகாலுக்குச் சரியாக வந்தார். அன்று கைபேசிப் பக்கத்தைப் படிக்கவில்லை. "பாப்பா, தைரியமா எழுதுங்க" என்றார். சாலையிலேயே ஓட்டினார், ஒரு வளைவையும் விடாமல். அவர் தாடை மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் அசைந்தது. மகள் பின்னிருக்கையில் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு முன்னால் போய்விடுவோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் காரணமில்லாத வளைவுக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. கல் ஏற்றிய டிப்பர் ஒன்று சாலைக்குக் குறுக்கே கவிழ்ந்திருந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் கல் மலை மாதிரி கொட்டிக் கிடந்தது. முன்னால் பஸ், பின்னால் லாரி. பைக்கில் வந்தவர்கள் மட்டும் வாய்க்கால் ஓரமாக நுழைந்து போனார்கள். அவர்களிடம் கெஞ்சலாம் என்று மகள் இறங்கி ஓடினாள். எல்லா வண்டியிலும் பின்னால் ஆள் இருந்தது.

எட்டு இருபத்தைந்து ஆயிற்று. பின்னாலிருந்த லாரி சற்று நகர்ந்ததும், இடப்பக்கம் ஒரு மண்பாதைக்கு வழி திறந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தானாக ஒரு விரல்கூட அசைக்கவில்லை.

"சொல்லுங்க சார்" என்றார்.

எங்கே போகும் அந்தப் பாதை என்று எனக்குத் தெரியும்.

"நேரா போங்க" என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வண்டி வெள்ளைப் புழுதிக்குள் இறங்கியது. வேலி பெயருக்கு இருந்தது, பாதி கம்பி மண்ணில். விடுமுறை நாள், காவலுக்கும் ஆள் இல்லை. பழைய பள்ளம் ஒன்று பச்சைத் தண்ணீரோடு வலப்பக்கம் வந்து போனது. அவர் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. "கீழ எறங்கி, குறுக்க போயி, அந்தாண்ட ஏறுனா காலேஜ் பின்னாடிதான் சார். ஒம்போது நிமிசம்." கைபேசி வரைபடத்திலும் பாதை இருந்தது. மெல்லிய சாம்பல் கோடு, பள்ளத்துக்குக் குறுக்கே.

வெட்டுகிற பள்ளம் ஒரே இடத்தில் நிற்காது என்பதை அங்கே பிறந்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். கல் இருக்கும் பக்கம் அது நகர்ந்துகொண்டே இருக்கும். போன மாதம் லாரி போன பாதையை இந்த மாதம் வாரி லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். பதினோரு வருடம் அதற்குள் கிடந்தவருக்கு இது தெரியாதா? தெரியும். அவருக்குத் தெரிந்திருந்தது இதுவரை அவரை ஒரு இடத்திலும் நிறுத்தியதில்லை.

சரிவுப்பாதையின் தலையில் வண்டி நின்றது. பாதை கீழே இறங்கி, இருபதடி தூரத்தில், இல்லை. பிய்த்த ரொட்டி போல அங்கே முடிந்திருந்தது. அதற்குக் கீழே புழுதி மேகமாக நின்றது. எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. எதிர்ப்பக்கச் சுவரின்மேல் கல்லூரிக் கட்டடத்தின் தண்ணீர்த்தொட்டி, கை நீட்டினால் எட்டும்போல் துல்லியமாக நின்றது.

"பாதி இருக்கு" என்றார் அவர். "மீதி கீழ சரிஞ்சு கெடக்கும். மண்ணுதான். எறங்கிரலாம்."

கியர் விழும் சத்தம் கேட்டது. என் கை தானாகப் போய்ச் சாவியைத் திருகிப் பிடுங்கியது. எஞ்சின் அணைந்தது. அந்த அமைதியில் கீழே எங்கோ சின்னக் கல் ஒன்று உருண்டுகொண்டே போவது கேட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட பிள்ளையின் முகம்.

மகள் ஏற்கெனவே இறங்கியிருந்தாள். என் பக்கக் கதவைத் திறந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். "இறங்குப்பா. போவட்டும். பரிச்சை போனா போவட்டும்ப்பா."

இறங்கினேன். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்க்க, சுண்ணாம்புக் கோடுகளோடு.

"சாவியக் குடுங்க சார். மண்ணு புதுசு, ஆளோட திருப்புனா சரியும். நீங்க ரெண்டு பேரும் மேட்டுக்குப் போயிருங்க. நான் திருப்பிட்டு வரேன்."

"குடுக்காதப்பா" என்றாள் மகள், பல்லுக்குள்ளே. "அவரு மூஞ்சியப் பாரு."

பார்த்தேன். பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

மேட்டுக்கு நடந்தோம். எஞ்சின் உயிர்பெறுவது கேட்டது. ஒரு வண்டி பின்வாங்கும்போது வருகிற உறுமல் எனக்குத் தெரியும், அது வரவில்லை. சக்கரத்தடியில் சரளை நெரியும் ஓசை நிதானமாக, அவசரமே இல்லாமல், எங்களைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போனது. பிறகு நின்றது. வெகுநேரம் கழித்து வந்ததுபோலக் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மகள் கத்திக்கொண்டு விளிம்பை நோக்கி ஓடினாள். நான் ஓடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நாற்பத்தொன்று.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் பதினொன்று ஆகிவிட்டது. கீழே இறங்கிய ஆட்கள் அவரைத் துணியில் கட்டி மேலே ஏற்றினார்கள். சட்டைக் கைப் பொத்தான்கூட அவிழவில்லை. போலீஸ்காரர் ஒருவர் சரிவின் தலையில் குனிந்து நின்று, "டயர்த் தடம் வளையவே இல்லையே, ரூல்தடி வச்சு இழுத்த மாதிரி நேரா போயிருக்கு" என்று யாரிடமோ சொன்னார். மகள் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். நுழைவுச்சீட்டை மடித்து மடித்துச் சிறு சதுரமாக்கி வைத்திருந்தாள். என்னோடு இன்றும் அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அவருடைய மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினார். அழுதுகொண்டு வரவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"கடைசியா என்னா சார் சொன்னாரு?"

"இறங்குங்க, திருப்பிட்டு வரேன்னு சொன்னாரும்மா."

அந்த அம்மா என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தன நாளு அவரோட போனீங்களே சார். அவரு திருப்புவாருன்னா நம்புனீங்க?"

நம்பினேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா அதை ஏற்றுக்கொள்ளவும் செய்திருப்பார். ஆனால் நான் அவர் திருப்புவார் என்று நம்பிச் சாவியைக் கொடுக்கவில்லை. கேட்டைச் சாத்த இன்னும் பத்தொன்பது நிமிடம் இருந்தது. அவர் வண்டியை இறக்கிப் பார்த்து, அந்தாண்ட ஏற வழி இருக்கிறது வாங்க சார் என்று கீழேயிருந்து கூப்பிடுவார் என்று காத்துக்கொண்டுதான் மேடேறினேன்.